பலகையும் பூட்டும்

நான் பொய் எழுதினேன். அதை நம்பிய ஒருத்தியின் பெயர் கெட்டது. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை...

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு சிறிய கணினி நிலையம். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து நிறுக்கும் கருவிக்காக நாங்களே ஓர் இயங்குதளம் அமைத்தோம். அதன் உட்கருவான கெர்னல், ஒரு நிரலின் நினைவகத்தில் இன்னொரு நிரல் கைவைக்காமல் காக்க வேண்டும். நினைவகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்திருந்தோம்; அதில் எந்தப் பக்கம் பூட்டியது, எது திறந்தது என்று ஆவணப்படுத்துவது என் பொறுப்பு.

மூலநிரலில் ஒரு பக்கத்துக்கு, 'இங்கே வேறு நிரல் எழுதக்கூடாது' என்று குறிப்பு இருந்தது. வெறும் குறிப்பு! கெர்னல் உண்மையில் தடுக்கிறதா என்று சோதித்தேனா? இல்லை. நான் லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், பிறந்தவன். எங்கள் தோட்டத்தில் துரை பங்களாவின் கேட்டுக்குப் பூட்டே கிடையாது. 'உள்ளே வரக்கூடாது' என்ற பலகை மட்டும்தான். ஒருவரும் அந்தக் கேட்டைத் தள்ளிப் பார்த்ததில்லை. பலகை இருந்தால் பூட்டு இருக்கிறது என்று நினைத்தே பழகிவிட்டேன். 'பாதுகாக்கப்பட்டது' என்று எழுதினேன்.

உடன் வேலை செய்த கலா அதை நம்பி, கொழுந்தின் நிறையைத் தன் நிரல் அந்தப் பக்கத்தில் சேமிக்கும்படி எழுதினாள். அச்சிடும் நிரல் அதன்மேல் எழுதிவிட்டது. பெண்கள் பறித்த நிறை குறைந்து காட்டியது. கலா கணக்கைக் குறைத்துக் கொழுந்தைத் திருடிவிட்டாள் என்று, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டில் கூச்சல். கூச்சலிட்டவர்களுக்கு நடுவே அவளுடைய அம்மாவும் கூடையோடு நின்றாள், தலையைக் குனிந்துகொண்டு!

"அண்ணே, அந்தப் பக்கம் பூட்டித்தானே இருக்கு? நீங்க பார்த்தீங்கதானே?" என்று கேட்டாள் கலா.

அதற்குள் சோதித்துவிட்டிருந்தேன். பூட்டு இல்லை. உண்மையைச் சொன்னால் வேலை போகும், மறுபடி லயத்துக்கே போக வேண்டும்... பயந்தேன். வெட்கமில்லாமல் பயந்தேன்!

"பூட்டித்தான் இருக்கு. ஒன் ப்ரோகிராம்லதான் எங்கயோ பிழை. நல்லா தேடிப் பாரு."

அவளை நிறுத்திவிட்டார்கள். நான் கெர்னலில் அந்தப் பூட்டைச் சத்தமில்லாமல் சேர்த்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஒருவராவது அப்போது கேட்டிருக்கக்கூடாதா?

சில ஆண்டுகள் கழித்து, டிக்கோயா பஸ்ஸில் அவளைக் கண்டேன். ஒரு துணிக்கடையில் வேலை. என் மேல் கோபமே இல்லை.

"அண்ணே, அந்த ப்ரோகிராம இன்னும் எடுத்து எடுத்துப் பார்க்குறேன். எங்க பிழை விட்டேன்னே புரியல. ஒங்களுக்காவது தெரிஞ்சுச்சா?"

"இல்லம்மா" என்றேன்.

இறங்கிப் போனாள். இன்றைக்கும் தேடிக்கொண்டுதான் இருப்பாள்.