வக்கீலம்மா நிறுத்திய மெஷின்

ஆய்வகத்தில் அவளுக்கு வக்கீலம்மா என்று பேர். கோர்ட் வாசலை மிதித்தவள் இல்லை, எதற்கெடுத்தாலும் "ஏன்?" என்பாள், அவ்வளவுதான். ஃப்ளோ சைட்டோமீட்டர் அவள் பொறுப்பு. ரத்த அணுக்களை வரிசையாக லேசர் ஒளியில் ஓடவிட்டு, புற்றுநோய் அணு எது என்று பிரித்துக் காட்டும் மெஷின் அது.

வழக்கமாகக் காலையில் மட்டும்தான் சோதனை மணிகளை, அதாவது அணு அளவிலான ஒளிரும் பிளாஸ்டிக் உருண்டைகளை, ஓட்டிப் பார்ப்பார்கள். திரையில் கூரான சிகரம் வந்தால் லேசர் சரி. ஒருநாள் ஒரு முடிவில் சந்தேகம் தட்டி, மதியமும் ஓட்டினாள். சிகரம் அகன்று, நகர்ந்து, குடிகாரன் போலத் தள்ளாடியது. குழாயில் காற்றுக்குமிழி இல்லை. கழுவி ஓட்டியும் ஆட்டம் நிற்கவில்லை. மெஷினை அணைத்துவிட்டாள்.

தலைமை டாக்டர் ஓடி வந்தார். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி ஓட்டும்மா. வெளியில எத்தனை பேர் காத்திருக்காங்க!"

"அவங்களுக்காகத்தான் சார் ஓட்ட மாட்டேங்கறேன்."

கம்பெனி இன்ஜினியர் வந்து பார்த்து, லேசருக்கு வயசாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்றார்.

"அப்ப காலையில மட்டும் எப்படி இளமை திரும்புது?" என்றாள்.

ஏசி காற்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்லி, அட்டை வைத்து மறைத்தாள். மதியம் சிகரம் முன்னைவிட மோசமாக ஆடியது. சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவளுக்கு முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் விடவில்லை. குளிர்காற்றை மறைத்ததும் மோசமாகிறது என்றால், வில்லன் சூடுதானே? மெஷினுக்குப் பின்னால் கையை விட்டாள். அடுப்பாகக் கொதித்தது.

டாக்டர் வாங்கிப்போட்ட புது ஃப்ரிட்ஜுக்கு இடம்விட, மெஷினைச் சுவரோடு ஒட்டித் தள்ளியிருந்தார்கள். இன்ஜினியர் பின்பக்கத்தைத் திறந்தார். லேசரைக் குளிரவைக்கும் விசிறி தூசி அடைத்து, சுற்றுவதும் நிற்பதுமாக முனகியது. "இதை நான் முதல்லயே பார்த்திருக்கணும்" என்று அவரே விசிறியை மாற்றிக் கொடுத்தார். மெஷினை முன்னால் இழுத்துப் போட்டதும் சிகரம் அசையாமல் நின்றது.

எல்லோரும் அப்பாடா என்றபோது இவள் அடுத்த குண்டைப் போட்டாள். "ஃப்ரிட்ஜ் வந்ததுலேருந்து மதியம் போன ரிப்போர்ட் எதையும் நம்ப முடியாது. எல்லாருக்கும் மறுபடி ரத்தம் எடுக்கணும்."

"ஊரே சிரிக்கும்!" என்றார் டாக்டர்.

"சிரிக்கட்டும் சார்."

அவர் தடுத்தும், நோயாளிகளின் டாக்டர்களுக்கு அவளே போன் போட்டாள். பெரும்பாலும் முடிவு மாறவில்லை. ஒரு பஸ் டிரைவருக்கு மட்டும் மாறியது. போய்விட்டது என்று பழைய ரிப்போர்ட் சொன்ன நோய் மிச்சமிருந்தது. அவர் நேரில் வந்து கத்தினார். "நல்லாயிட்டேன்னு வீடு முழுக்கச் சொல்லிட்டேனேம்மா!"

"என்னை எவ்வளவு வேணா திட்டுங்க அண்ணே. மருந்தை மட்டும் நிறுத்திடாதீங்க."

சொல்பேச்சு கேட்காததற்காக டாக்டர் அவளை ரத்தம் எடுக்கும் மேசைக்கு மாற்றினார்.

"ஒரு மன்னிப்பு கேட்டா வாயிலேருந்து முத்தா உதிர்ந்துடும்?" என்றாள் வீட்டில் அவள் அக்கா.

"தப்பு பண்ணியிருந்தா கேட்பேன்க்கா."

மறுநாள் மதியம், மெஷினுக்கு வந்த புதுப்பெண்ணிடம் மணிகளை ஓட்டியாயிற்றா என்று விசாரித்தாள். "காலையில ஓட்டினது போதும்னு டாக்டர் சொல்லிட்டார்" என்றது அந்தப் பெண். வக்கீலம்மா கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய் அவளே ஓட்டினாள். வாசலில் டாக்டர் நின்றிருந்தார்.

"நீங்களும் வந்து பாருங்க சார்" என்றாள், திரும்பாமலே.