இருபத்தோரு குப்பிகள்

கஜா புயல் என்றால் புதுக்கோட்டைக்காரர்கள் சாய்ந்த தென்னைகளைச் சொல்லி மாய்ந்துபோவார்கள். திலகவதி வாய் திறக்க மாட்டாள். அவள் பறிகொடுத்தவை இருபத்தோரு குப்பிகள், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் உயரம்கூட இல்லை. அதைச் சொன்னால் யார் உச்சுக்கொட்டப் போகிறார்கள்?

அறந்தாங்கியிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் ஐந்து வருஷம் ஆராய்ச்சி செய்தவள். பாக்டீரியாவுக்குள் புரதம் தயாரிக்கிற ரைபோசோமின் சின்னப் பாதி எப்படிக் கூடுகிறது என்பதுதான் அவள் பாடு. ஆர்.என்.ஏ என்று ஒரு நீள இழை. அதில் வந்து உட்கார இருபத்தோரு புரதங்கள். கல்யாண வீட்டில் தாய்மாமன் வராமல் காரியம் நகராதே, அதே வீம்பு அங்கேயும் உண்டு. முதலில் சில புரதங்கள் உட்கார்ந்து இழையை மடக்கிக் கொடுத்தால்தான் மற்றவற்றுக்கு இடம் கிடைக்கும். அப்படி முந்தி உட்காரும் ஒன்றைக் கொஞ்சம் மாற்றிவிட்டால் எல்லாம் பாதியில் நின்றுபோவதை அவள் இரண்டு முறை கண்டுவிட்டாள். கிருமியை அந்த இடத்திலேயே மடக்க மருந்து செய்யலாம். மூன்றாம் முறையும் கண்டால் டாக்டர் பட்டம். உதவித்தொகை மார்ச்சோடு முடிகிறது. புரதங்களைத் தனித்தனியாகப் பிரித்தெடுத்து, குப்பிக்கு ஒன்றாக லேப் ஃப்ரீசரில் சேர்க்கவே மூன்று வருஷம் ஆகியிருந்தது.

வெள்ளிக்கிழமை விடியுமுன் புயல் அடித்தது. ரோடெல்லாம் மரம், கரண்டும் போனும் கிடையாது. மூடியே இருந்தால் ஃப்ரீசர் இரண்டு நாள் தாங்கும் என்பது ஒன்றுதான் அவளுக்குத் தைரியம். திறக்கக் கூடாது என்று கதவில் சீட்டும் ஒட்டியிருந்தாள்.

திங்கட்கிழமை எப்படியோ வந்து சேர்ந்தாள். லேப் வாசலில் அட்டெண்டர் வீரய்யா ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டுக் கூரை வெள்ளிக்கிழமையே பறந்துவிட்டது. குடும்பத்தைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு இங்கே வந்து காவல் இருந்திருக்கிறார்.

"கவலப்படாதீங்கம்மா. ஒங்க பெட்டிய விட்டு நகரலை. அரை மணிக்கு ஒருக்கா தெறந்து, குளுந்து இருக்கான்னு கைய வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தேன். சனிக்கெழம சாயங்காலமே ஆஸ்பத்திரி லைன்ல கரண்டு வந்துருச்சு."

திறக்காமல் இருந்திருந்தால் எல்லாம் பிழைத்திருக்கும். அவள் ஒட்டிய சீட்டு இங்கிலீஷில் இருந்தது. வீரய்யாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். ஐந்து வருஷமாக அவர் வாங்கி வந்த டீயைக் குடித்தவளுக்கு அது தெரியாதா? படித்த திமிர், வேறென்ன.

"நல்லாப் பாத்துக்கிட்டீங்கண்ணே" என்றாள்.

குப்பிகளில் புரதம் திரிந்த பால் மாதிரி கட்டிகட்டியாக இருந்தது. அதை ஆர்.என்.ஏ இழையோடு கலந்து சூடாக்கிப் பார்த்தாள். ஒன்றும் கூடவில்லை. மார்ச்சில் உதவித்தொகை நின்றது. இப்போது நீட் கோச்சிங் சென்டரில் பாடம் எடுக்கிறாள். அங்கே ரைபோசோம் அரைப் பக்கம்.

போன மாதம் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில், ரிட்டயரான வீரய்யா எதிரே வந்தார்.

"பட்டம் வாங்கியாச்சுல்லம்மா?"

"வாங்கிட்டேண்ணே."

மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அறந்தாங்கி பஸ்ஸில் ஏறி, "டாக்டரம்மா வாராக, தள்ளி உக்காருங்க" என்று அவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினார்.

பக்கத்தில் இருந்த அம்மாள் உடனே முழங்காலைத் தொட்டுக் காட்டி, "ரெண்டு வருசமா வலி தாயீ, என்ன மருந்து போடலாம்?" என்றாள்.

நான் டாக்டர் இல்லை என்று சொல்லத் திலகவதி வாயெடுத்தாள். ஜன்னலுக்குக் கீழே வீரய்யா இன்னும் சிரித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"நல்லெண்ணெய் தேச்சுப் பாருங்கம்மா" என்றாள்.