தண்ணீர் ஊற்றியவளும் வசனம் சொன்னவளும்

எனக்கு எண்பத்திரண்டு வயது. நான் வளர்த்தது ஆறு பிள்ளைகள். பெற்றது ஏழு. விடுபட்ட அந்த ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், இப்போது கை நடுக்கம் வேறு. மெல்ல, ஆறுதலாகத்தான் வரும். அவசரப்படுகிறவர்கள் போய் வேறு வேலையைப் பார்க்கலாம்.

மூத்தவன் மாதம் நிறையாமல் பிறந்தான். என்னைக் கட்டின மனுசன் கடலுக்குப் போயிருந்தார். மருத்துவிச்சியைக் கூப்பிட ஆள் ஓடியும் அவள் வந்து சேரவில்லை. என்னோடு இருந்தது மனுசனின் அக்கா, என் மச்சாள், ஒருத்திதான். பிள்ளை அழவில்லை. உடம்பு நீலம் பாரித்து, மூச்சு விட்டு விட்டு வந்தது. சுவாமியார் வர நேரமில்லாத இடத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது எங்கள் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மச்சாள் கன்னியர் மடத்தில் படித்தவள், ஞானோபதேசம் முழுவதும் மனப்பாடம். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து பிள்ளையின் தலையில் ஊற்றினாள். ஊற்றினாளே தவிர வாய் திறக்கவில்லை. நான்தான் பாயில் கிடந்தபடி பெயரைச் சொல்லி, பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று வசனத்தை முடித்தேன். கை அவளுடையது, வாய் என்னுடையது. காரியம் நடந்துவிட்டது என்றுதான் நம்பினேன். மத்தியானத்துக்கு முன்னம் பிள்ளை போய்விட்டான்.

பின்னேரம் கோயில் மூப்பர் வந்தார். அடக்கம், மணி எல்லாம் அவர் சொல்லித்தான் நடக்கும். ஞானஸ்நானம் கொடுத்தது யார் என்று கேட்டார். 'நான்' என்று மச்சாள் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள்:

"தண்ணி நான் ஊத்தினனான். வசனம் சொன்னது இவ."

ஊற்றுகிற ஆளே வசனத்தையும் சொல்ல வேண்டும், ஒருவர் ஊற்றி மற்றவர் சொன்னால் அது செல்லாது என்றார் மூப்பர். நான் கெஞ்சினேன். அவர் அசையவில்லை. மணி அடிக்கவில்லை. கடலால் வந்த மனுசன், உடுப்பு மாற்றாமலே போய், ஊர்ச் சவங்களை அடக்குகிற சேமக்காலையின் சுவருக்கு வெளியே மணலில் குழி தோண்டினார். ஞானஸ்நானம் இல்லாத பிள்ளை நரகத்துக்குப் போகாது, மோட்சத்துக்கும் போகாது, கடவுளின் முகம் காணாத ஓர் இடத்தில் கிடக்கும் என்றுதான் எங்களுக்கு அப்போது படிப்பித்திருந்தார்கள்.

பிள்ளை போன முப்பத்தோராம் நாள் மச்சாளிடம் கேட்டேன்.

"ஒரு சொல்லு மாத்திச் சொல்லியிருந்தா என்ன, மச்சாள்?"

"ஆத்துமா விசயத்திலை என்னைப் பொய் சொல்லச் சொல்லுறியோ? மூண்டாம் வகுப்புக்காரிக்கு உது விளங்காது."

நான் அவளோடு கதைத்த கடைசிக் கதை அதுதான். அறுபது வருசம் ஆகிறது.

கதைக்காமல் இருந்ததால் அவளைச் சும்மா விட்டுவிட்டேன் என்று யாரும் நினைக்கக் கூடாது. சண்டையில் இடம்பெயர்ந்து போன காலத்தில் பள்ளிக்கூடமொன்றின் ஒரே வகுப்பறையில் இரண்டு குடும்பமும் இருந்தோம், நடுவில் ஒரு சேலை மறைப்பு. உலை ஒன்று. உப்பு முடிந்தால் நான் சுவரைப் பார்த்துத்தான் சொல்வேன். ஆத்துமாக்கள் திருநாளில் ஊரே சேமக்காலைக்குள் மெழுகுதிரி கொளுத்தும். நான் வெளியே, வாசலுக்குப் போகிற வழியில், என் பிள்ளையின் மணலில் நிற்பேன். திரியை முதலே கொளுத்த மாட்டேன். மச்சாள் வருவாள், என்னைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும், அவள் கிட்ட வந்த பிறகுதான் நெருப்புக்குச்சியைத் தட்டுவேன். ஒரு வருசம் மழை. குடையோடு நின்று காத்திருந்து கொளுத்தினேன். பின்னாளில் அவளுக்குக் கால் ஏலாமல் போய் பொல்லு ஊன்றி வந்தாள். என்னைத் தாண்ட முன்னையிலும் அதிக நேரம் எடுத்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

போன வருசம் என் முழங்காலும் போனது. புதிதாய் வந்த இளம் சுவாமியார் வீட்டுக்கு அப்பம் கொண்டுவந்து நன்மை தருவார். அவரிடம் என் பிள்ளையைப் பற்றிக் கேட்டேன்.

"திருமுழுக்கு, உங்கடை ஞானஸ்நானம், வேணும் எண்டுதானம்மா திருச்சபை இண்டைக்கும் சொல்லுது. ஆனா கடவுளை அந்தத் தண்ணிக்குள்ளை கட்டிப்போட ஏலாது. நீங்கள் அதைக் குடுக்க ஆசைப்பட்டனீங்கள். பிள்ளை அவரின்ரை இரக்கத்திலை இருக்கு. நம்பி இருங்கோ."

அறுபது வருசத்துக்கு முன்னம் இந்தக் கடவுள் எங்கே போயிருந்தார் என்று கேட்டேன். சுவாமியார் தேத்தண்ணீரைக் குடித்தார்.

சந்தோசப்பட்டிருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. பிள்ளைக்குக் குறை ஒன்றும் இல்லையென்றால் மச்சாள் எனக்குச் செய்ததுதான் என்ன? ஒன்றுமில்லை என்றாகிவிடும். அவள் தப்பிவிடுவாள். அவளைக் குற்றவாளியாக வைத்திருக்க வேண்டுமென்றால் என் பிள்ளை வெளியே கிடக்க வேண்டும். சுவாமியார் சொன்னதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

போன மாதம் மச்சாளைப் பருத்தித்துறை ஆசுப்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இனி வைத்தியம் இல்லையாம். என்னைக் காண வேண்டும் என்று தன் மகளை அனுப்பினாள். நல்ல சேலை உடுத்து, ஆட்டோ பிடித்துப் போனேன். கட்டிலில் ஒரு சின்னப் பிள்ளையளவுக்குச் சுருங்கிக் கிடந்தாள்.

"அவன் இப்ப எங்கை இருப்பான்?" என்றாள். "நீலமாக் கிடந்ததைக் கண்டு பயந்திட்டன். வாய் வரேல்லை. பயந்தனான் எண்டு சொல்ல வெக்கமாப் போச்சு, அதுதான் உன்னோடை அப்பிடிக் கதைச்சனான். அவனுக்குக் கதவைச் சாத்தினது நான். அங்கை போனா என்னட்டைக் கேப்பினமே."

சுவாமியார் சொன்னது என் நாக்கில் நின்றது. நான் எழும்பி வந்துவிட்டேன். ஆட்டோவில் வரும்போது பெருநாளுக்குப் போய் வருகிறவள் போல இருந்தேன். அடுத்த நாள் அவள் மகள் வந்து, அம்மா சாப்பிடுகிறா இல்லை, அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறா என்றாள். மூன்று நாள் எனக்கு நல்லாய்ச் சாப்பாடு இறங்கியது.

நாலாம் நாள் செபமாலை சொல்லும்போது, வழமைபோல மூத்தவனுக்காக ஒரு செபமணி வைத்தேன். வெளியே கிடக்கிற என் பிள்ளைக்காக என்று வாய் சொன்னது. வெளியே இல்லை என்று தெரிந்துகொண்டுதான் சொன்னேன். அன்று மூப்பர் கட்டின சுவரை இன்று நான் கட்டிக்கொண்டிருக்கிறேன், மச்சாளைப் பயப்படுத்த என் பிள்ளையைக் கல்லாக வைத்து. மாலையை மடியில் வைத்துவிட்டுப் பேத்தியிடம் தாளும் பேனையும் கேட்டேன்.

அதற்காக மச்சாளுக்கு என் வாயைக் கொடுக்க மாட்டேன். அறுபது வருசம் கொடுக்காதது. ஆகவே இதை எழுதினேன். பேத்தி கொண்டுபோய் மச்சாளின் கட்டிலடியில் இருந்து வாசிப்பாள். சுவாமியார் சொன்னது இதில் இருக்கிறது. அந்த இடத்துக்கு வர முன்னம் செம்பையும் மூப்பரையும் மணலையும் மெழுகுதிரியையும் மச்சாள் கேட்டுத்தான் வர வேண்டும். இடையில் நித்திரை கொண்டால் மறுபடி தொடக்கத்திலிருந்து வாசிக்க வேண்டும்.

பேத்தி தாள்களை எண்ணிப் பார்த்தாள்.

"சுவாமியார் சொன்னதை மட்டும் வாசிச்சாப் போதாதோ, அம்மம்மா? பாவம், ஏலாத மனுசி."

"போதாது. இப்ப எனக்கு ஒருக்கா வாசி, பிள்ளை. முதலிலை இருந்து, சத்தமா. அவவுக்குக் காது மந்தம்."