மொட்டை மாடியில் ஈயம்

நகரக் காற்றில் கலந்திருக்கும் உலோகங்களை அளப்பது என் ஆய்வுக்கூட வேலை. ஜாலான் புசார் வட்டாரத்தில் சாலையோரமாக ஓர் இடம் தேவைப்பட்டபோது, அண்ணன் தன் இரும்புப் பட்டறைக்கு மேலிருந்த மொட்டை மாடியைக் கொடுத்தார். காற்றை உறிஞ்சும் கருவியை அங்கே வைத்தேன். தூசியைப் பிடிக்க அதில் ஒரு நாளைக்கு ஒரு வடிதாள். அதை அமிலத்தில் கரைத்து அளப்போம்.

இரண்டாவது வாரம் ஈயம் ஏறியது, கூடவே குரோமியமும். என் கை பட்டுத் தாள் கெட்டுவிட்டதோ என்று பயந்து மறுபடி அளந்தேன். அதே அளவு. ஞாயிற்றுக்கிழமைத் தாள்களில் மட்டும் இரண்டும் பெயருக்குத்தான் இருந்தன. அன்றுதான் பட்டறை பூட்டியிருக்கும்.

அன்று மதியமே பட்டறைக்கு நேரில் போனேன். பழைய கதவு ஒன்றின் மஞ்சள் பெயிண்டை அண்ணன் கிரைண்டரால் தேய்த்துக்கொண்டிருந்தார். தூசி படிந்த மேசையில் அண்ணி சாப்பாடு எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அப்போது ஐந்து மாதம்.

“நிறுத்துங்கண்ணே! இந்த மஞ்சள் பெயிண்ட்ல ஈயமும் குரோமியமும் இருக்கு.”

“இருபது வருஷமா இதத்தான் செய்றேன். நல்லாத்தானே இருக்கேன் லா?”

“மூச்சுல போனா ரத்தத்துல கலக்கும். வயித்துல இருக்குற பிள்ளைக்கும் போகும்.”

அண்ணன் முகம் சிவந்தது. “இப்ப தங்கச்சியா வந்தியா, ஆபீசரா வந்தியா?”

“நாளைக்கு ரிப்போர்ட் பண்ணியாகணும். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்ல வந்தேன்.”

அண்ணிதான் சுவரோரம் போய் கிரைண்டரின் சுவிட்சை அணைத்தார். “காலையில ரெண்டு பேரும் பிளட் டெஸ்ட் எடுக்கப் போறோம்.”

முடிவு வரும்வரை அண்ணன் என் போனை எடுக்கவே இல்லை. நான்காம் நாள் அண்ணி அழைத்தார். அவர் ரத்தத்தில் ஈயம் பயப்படும் அளவுக்கு இல்லை. அண்ணனுக்குத்தான் அதிகம். விரல்கள் மரத்துப்போவதை மாதக்கணக்கில் அவர் மறைத்து வைத்திருந்ததும் டாக்டர் முன்னால்தான் வெளியே வந்தது. அண்ணி போனில் அழுதார்.

பட்டறைக்குப் போன மறுநாளே, நடந்ததை மறைக்காமல் ஆய்வுக்கூடத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். கருவியைப் பட்டறைத் தூசி கலக்காத வேறிடத்துக்கு மாற்றினார்கள். அண்ணன் பழைய கதவுகளைத் தொடுவதை விட்டுவிட்டார். என்னோடு பேசுவதையும்தான்.

அண்ணனுக்கு மகள் பிறந்த அன்று மருத்துவமனைக்குப் போனேன். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, அண்ணன் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

“இவளுக்கும் ரத்தம் பாக்கணுமான்னு டாக்டர்கிட்ட நீயே கேளு. எனக்குக் கேக்க பயமா இருக்கு.”