கைக்குட்டையில் பிடித்த கொடுவா

வெள்ளைக் கைக்குட்டை. ஒரு மூலையில் ஊதா நூலில் சின்னதாக ஒரு பூ. அதை உதறினால் யூடிகொலோன் வாசனை வகுப்பின் கடைசிப் பெஞ்சு வரைக்கும் வரும். இன்றைக்கும் கும்மிடிப்பூண்டி ரயிலில் பக்கத்தில் உட்காருகிற யாரிடமிருந்தாவது அந்த வாசனை வந்துவிட்டால் எனக்குக் குமட்டும். எழுந்து போய்க் கதவோரம் நின்றுகொள்வேன். மீன் கூடையோடு வருகிறவர்களைப் பார்த்து ஊர் உலகமே மூக்கைப் பிடிக்கிறது. நான் மட்டும் வாசனைக்கு மூக்கைப் பிடிக்கிறேன். என் பெண் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கட்டும், அவளுக்கென்ன.

அந்தக் கைக்குட்டைக்குச் சொந்தக்காரர் எனக்கு வணிக நிர்வாகம் எடுத்த மேடம். நான் பொன்னேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். பழவேற்காட்டு ஏரிக்கரையில் எங்கள் குப்பத்திலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் நான். இரண்டாம் ஆண்டில் ஒரு துணைப்பாடம் எடுக்க வேண்டும். பொது நிர்வாகம், சுற்றுலா, வணிக நிர்வாகம், இதில் எது வேண்டுமோ அது. சர்க்கார் தேர்வுக்கு உதவும் என்று எல்லாரும் பொது நிர்வாகத்துக்கு ஓடினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். அப்போதுதான் இந்த மேடம் எங்கள் வகுப்புக்கு வந்து தன் பாடத்தைப் பற்றிப் பேசினார். என்ன பேச்சு அது! விளைவிக்கிறவன் கைக்கும் வாங்குகிறவன் கைக்கும் நடுவில் யார் யார் நிற்கிறார்கள், எதற்காக நிற்கிறார்கள் என்று தெரிந்துகொண்டாலே பாதி வறுமை ஒழியும் என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எங்கள் கரையில் இறாலுக்கு விலை சொல்கிறவர்கள் யாரும் எங்கள் ஊர்க்காரர்கள் இல்லை. வண்டியில் வருவார்கள், காலால் கூடையைத் தள்ளிப் பார்ப்பார்கள், ஒரு விலை சொல்வார்கள், அதுதான் விலை. என் நைனா தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். அந்த நிற்பு எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. அதனால் வணிக நிர்வாகம் எடுத்தேன்.

முதல் வாரமே மேடம் என்னை ஜன்னலோரம் மாற்றி உட்கார வைத்தார். "காத்து வரும்மா, உனக்கும் நல்லது, எல்லாருக்கும் நல்லது" என்றார் சிரித்துக்கொண்டே. நான் வரும் காலைப் பஸ்ஸில் பாதிக் கூட்டம் மீன் கூடைகள்தான். வீட்டில் எவ்வளவு சோப்புப் போட்டுக் குளித்தாலும் பொன்னேரியில் இறங்கும்போது மறுபடி நான் ஏரிக்காரிதான். எனக்கு அப்போது கோபம் வரவில்லை என்பதை நினைத்தால் இப்போது கோபம் வருகிறது. நல்ல மனசு, நமக்காகத்தான் சொல்கிறார் என்று நம்பினேன்.

அடுத்து நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் ஊர்ப் பாடு முறையைச் சொல்லிவிட வேண்டும். ஏரியில் இறால் ஓடுகிற இடங்கள் உண்டு. அங்கே கழி நட்டு வலை கட்டினால், தண்ணீர் கடலுக்கு வற்றி இறங்கும்போது இறால் வந்து விழும். அந்த இடங்களுக்குப் பாடு என்று பெயர். யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்பதை ஊர் கூடிச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். தலைக்கட்டு, அதாவது தனிக் குடும்பம், என்று ஊர்க் கணக்கில் இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் முறை வரும். நல்ல இடமும் வரும், ஒன்றும் விழாத இடமும் வரும். முறையை வெளியாளுக்கு விற்கக் கூடாது, இரவல் கொடுக்கக் கூடாது. வெளியாள் கை பட்டுக் கழி இறங்கினால், அந்த வீடு தன் முறையை விற்றுவிட்டதாகத்தான் ஊர் எடுத்துக்கொள்ளும். அடுத்த சீட்டு வரைக்கும் அந்த வீட்டுக்கு ஏரியில் இடம் கிடையாது. இதைத்தான் நான் வகுப்பில் ஒருநாள் எழுந்து நின்று சொன்னேன். மேடத்தின் கண் விரிந்தது. "இன்டரஸ்டிங்! களப்பயணம் உங்க ஊருக்கே போலாம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நைனாவின் முறை வருகிற நாளாகப் பார்த்துப் போனோம். முதலில் டச்சுக் கல்லறை. வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்குமே, அதற்கு முன்னால் எங்களை வரிசையாக நிறுத்திவிட்டு மேடம் பேசினார். கடல் தாண்டி வந்து, தெரியாத ஊரில் கோட்டை கட்டி, துணி வாங்கி உலகம் முழுக்க விற்றவர்கள் இவர்கள், துணிச்சல் என்றால் இது, நீங்கள் இன்னும் சீட்டுக் குலுக்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்றார். போன மாதம்தான் எங்கள் வரலாற்று ஆசிரியர் இந்தப் பழவேற்காட்டுத் துறைமுகத்திலிருந்து பஞ்சத்தில் அடிபட்ட சனங்களை அடிமைகளாகக் கப்பலேற்றியதைப் பற்றிப் பாடம் எடுத்திருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "மேடம், துணி மட்டுமா வித்தாங்க? ஆளையும் வித்தாங்களே" என்றேன். மேடம் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "அந்தக் காலத்து மார்க்கெட் அப்படிம்மா. டிமாண்ட் இருந்தது, சப்ளை பண்ணாங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் கல்லறைக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏரிக்கரையில் ஒரு கார் காத்திருந்தது. கூலிங் கிளாஸ் போட்ட ஒருவர் இறங்கினார். இறால் ஏற்றுமதி செய்கிற கம்பெனியின் ஆள், மேடத்துக்குத் தெரிந்தவர், தொழில்முனைவோர் என்று அறிமுகம் செய்தார்கள். நைனா முழங்கால் தண்ணீரில் படகைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கல்லூரிக்காரர்கள் வருகிறார்கள் என்று துவைத்த பனியன் போட்டிருந்தார். படகில் ஒரு பெரிய கொடுவா மீன் கிடந்தது, விடியலில் விழுந்தது. விற்காமல், மேடத்துக்குக் கொடுத்தனுப்ப வைத்திருந்தார். மேடம் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் இறங்கி, அந்தக் கைக்குட்டையை மடித்து உள்ளங்கையில் வைத்து, அதன் மேல் கொடுவாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இன்னொரு பக்கம் கம்பெனி ஆள் கழியைக் கையில் எடுத்து, "சும்மா போட்டோவுக்கு நடறேன்" என்றார். நான் பதறிப் போய்த் தண்ணீரில் இறங்கினேன்.

"நைனா, வேணாம், ஊர்ல தப்பாப் பேசுவாங்க" என்றேன்.

நைனா சிரித்தார். "இன்னா கண்ணு நீ? உனக்குப் பாடம் சொல்றவங்க நம்ம ஊட்டு மனுசங்க. அவங்க கூட வந்தவரு வெளியாளா? நடட்டும் வுடு."

எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த ஆளை எங்கள் குப்பத்தில் உறவு முறை வைத்துத்தான் கூப்பிடுவார்கள், பொங்கலுக்குத் துணி கொடுப்பார்கள், நல்ல மீன் விழுந்தால் முதலில் அங்கேதான் போகும். நைனாவுக்கு வாத்தியார் என்றால் சொந்தம், அவ்வளவுதான். கழி இறங்கியது. படம் எடுத்தார்கள். மேடம் கொடுவாவைப் படகில் போட்டார், கூடவே கைக்குட்டையையும் போட்டுவிட்டுக் கரையேறினார். கார் போய்விட்டது. மீனையும் எடுத்துப் போகவில்லை.

அன்று சாயங்காலமே கம்பெனி ஆள் ஊர்த் தலைவர் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறார். இந்த வீட்டில் இடம் கொடுத்துவிட்டார்கள், கழி நானே நட்டேன், படமும் எடுத்திருக்கிறோம், மற்றவர்களும் கொடுத்தால் மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று. ஊர் கூடியது. நைனா நடுவில் நின்று, "என் பொண்ணோட வாத்தியாரம்மாவை வெளியாளுனு யாராச்சும் சொல்லுங்க பாக்கலாம்" என்று கத்தினார். தலைவர் நைனாவோடு ஒன்றாகத் தொழிலுக்குப் போனவர்தான். அவருக்கும் சங்கடம். "அந்தம்மாவே ஒருவாட்டி வந்து சொல்லட்டும்பா, படம் புடிக்கத்தான் வந்தோம், குத்தகை பேச வரலேன்னு. நாங்க இன்னா கல்லா? வுட்டுடறோம்" என்றார். ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையில் எங்கள் வீட்டின் ஏரி இருந்தது.

நைனா அந்தக் கைக்குட்டையைச் சோப்புப் போட்டுத் துவைத்து, வேலியில் காயவைத்து, மடித்து, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார். "மறந்துட்டுப் போயிட்டாங்க. குடுத்துட்டு, பக்குவமாச் சொல்லு" என்றார். மறந்துவிட்டுப் போனாராம்! நான் அதை எடுத்துக்கொண்டு துறை அறைக்குப் போனேன். மேடம் பையைப் பிரித்துப் பார்த்தார். இரண்டு விரலால் தூக்கினார். மேசைக்குக் கீழே இருந்த குப்பைக் கூடையில் போட்டார். அப்புறம் தன் கைப்பையிலிருந்து வேறொன்று எடுத்து விரல்களைத் துடைத்துக்கொண்டே, "சொல்லும்மா" என்றார்.

நான் சொன்னேன். நீங்கள் வர வேண்டாம், எழுதிக்கூடத் தர வேண்டாம், போனில் தலைவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும் மேடம் என்றேன். முழுசும் கேட்டார். பிறகு ரொம்ப அன்பாகச் சொன்னார்: "இதுல நான் தலையிடறது சரியா இருக்காதும்மா. உங்க ஊரு மாறணும்னா முதல்ல யாராவது ஒருத்தர் கஷ்டப்பட்டுத்தான் ஆகணும். உங்க அப்பாவுக்கு அந்த வாய்ப்பு கிடைச்சிருக்கு. பெருமைப்படு." சத்தியமாக இதைத்தான் சொன்னார். பெருமைப்படு! அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். வராந்தாவுக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

அந்தப் பருவம் முழுக்க எங்களுக்கு முறை இல்லை. ஏரியைப் பார்த்துக்கொண்டு நைனா ஐஸ் உடைக்கிற கூலிக்குப் போனார், அதுவும் அந்தக் கம்பெனி வண்டிக்கே. துணைப்பாடத்தை மாற்றித் தாருங்கள் என்று அலுவலகத்தில் கேட்டேன், நடுவில் மாற்ற முடியாது என்றார்கள். உட்கார்ந்தேன். அதே ஜன்னலோரம். ஆண்டு முடிவில் அந்தப் பாடத்தில் முதலாவதாக வந்தேன். மேடையில் மேடம் பரிசு கொடுத்து என் கையைக் குலுக்கினார், கீழே இறங்கும்போது கையைத் துடைத்துக்கொண்டார். எனக்கு வேலை கிடைத்ததும் அந்தப் பாடத்தைச் சொல்லித்தான். பொன்னேரியில் ஒரு தனியார் அலுவலகத்தில் இன்றைக்கும் அந்தப் படிப்பில்தான் சோறு தின்கிறேன். சில நாள் அந்தச் சோறே தொண்டையில் நிற்கும். மீன் நாறுகிறது என்று மூக்கைப் பிடிக்கிறவர்களை நான் வெறுக்க மாட்டேன், கணவாய் மீன் கழுவினால் குப்பத்திலேயே பிறந்த என் அண்ணிக்கே வாயைக் குமட்டும். கொடுவாவைக் கைக்குட்டையில் பிடித்ததுகூடப் போகட்டும். எங்களையும் அப்படியேதான் பிடித்தார், படம் முடிந்ததும் போட்டுவிட்டுப் போனார். அதுதான் ஆறவில்லை.

போன வருடம் என் பெண்ணை அதே கல்லூரியில் சேர்க்கப் போனேன். துறை வராந்தாவில் அந்தப் படம் இன்னும் தொங்குகிறது, கண்ணாடிக்குள் பூஞ்சை பிடித்து. 'தொழில்முனைவோருடன் களப்பயணம்' என்று கீழே எழுதியிருக்கிறது. மேடத்தின் சிரிப்பு இருக்கிறது, கூலிங் கிளாஸ் இருக்கிறது, கொடுவாவுக்கு அடியில் ஊதாப் பூ தெரிகிறது. ஓரத்தில் படகைப் பிடித்திருக்கும் ஒரு கை மட்டும் இருக்கிறது, மணிக்கட்டோடு படத்தை வெட்டிவிட்டார்கள். என் பெண் கிட்டே போய்ப் பார்த்தாள். திருக்கை மீனின் முள் குத்தி வளைந்துபோன சுண்டு விரலைப் பார்த்ததும், "ம்மா, இது தாத்தா கை" என்றாள். அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். இப்போதெல்லாம் துணைப்பாடத்தைச் சேரும்போதே எழுதிக்கொள்கிறார்களாம். சேர்க்கை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த இளம் ஆசிரியை, துணைப்பாடம் என்ன வேண்டும் என்று கேட்டார். வணிக நிர்வாகம் என்றாள் என் பெண். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இவ்ளோ கேட்டுட்டுமாடீ?" என்றேன். "கேட்டதாலதான்மா. அவங்க பேசறது புரியாம நம்ம ஊரு இன்னும் எத்தினி நாளைக்கு நிக்கும்?" என்றாள்.

சாயங்காலம் ஊருக்குப் போய் நைனாவிடம் சொன்னோம். மறுசீட்டில் முறை திரும்பக் கிடைத்து, அதற்கப்புறமும் வெகுகாலம் ஏரிக்குப் போனவர் அவர். ஆனால் அந்த விஷயத்தை வீட்டில் ஒருநாளும் பேசியதில்லை. மேடம் கைக்குட்டையை வாங்கிக்கொண்டாரா என்று என்னிடம் கேட்டதே இல்லை. அவருக்கு மறந்துவிட்டது என்றே நினைத்திருந்தேன். பேத்தி எடுத்த பாடத்தைக் கேட்டதும் வலை பின்னுகிற ஊசியைக் கீழே வைத்தார்.

"நல்லாப் படி கண்ணு" என்றார். "உங்க வாத்தியாருங்க ஊருக்கு வந்தா, தண்ணி குடு, மரியாதையாப் பேசு. கரையிலயே நிக்க வெச்சிப் பேசி அனுப்பிடு. கழியைத் தொட வுடாதே." ஊசியை மறுபடி கையில் எடுத்தார். அப்புறம் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "கர்ச்சீப்பு கீழ வுழுந்தா, வுழட்டும். எடுத்துத் தொவைக்காதே."