மம்சாபுரத்து லெஃப்ட் பேக்

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பொதிகை விரைவு வண்டி என்னை இராஜபாளையத்தில் இறக்கிவிட்டது. மேற்கே மலை முழுக்க மேகம். நிலையத்துக்கு வெளியே டீ பதினைந்து ரூபாய். கால்பந்தைப் பற்றி இருபது வருடமாகத் தமிழில் எழுதி வருகிறேன். இது உலகக் கோப்பை ஆண்டு என்பதால், அதன் வரலாற்றைப் பேச ஒரு விளையாட்டுக் குழு என்னைச் சென்னையிலிருந்து அழைத்திருந்தது. ஊரில் புதிதாகத் திடல் அமைத்திருக்கிறார்கள். நாட்டுக்காக ஆடிய உள்ளூர்க்காரர்களின் பெயரைக் கல்லில் பொறித்து அங்கே நிறுத்தப் போகிறார்கள். அதையொட்டி ஒரு கல்யாண மண்டபத்தில் கண்காட்சி, மாலையில் என் பேச்சு.

ஒன்பது மணிக்குக் கண்காட்சியைப் பார்க்கப் போனேன். உருகுவேயில் 1930இல் நடந்த முதல் போட்டியில் தொடங்கி, சுவர் நெடுகப் படங்கள். இந்தியாவுக்கென்று இருந்த பலகையில் நான் பயந்தபடியே எழுதியிருந்தது: '1950இல் பிரேசிலுக்குப் போகும் வாய்ப்பு வந்தும், வெறுங்காலால் ஆட அனுமதி கிடைக்காததால் இந்தியா போகவில்லை.' இந்தக் கதையை எத்தனை மேடைகளில் மறுத்திருக்கிறேன்! அன்றைய நிர்வாகிகளுக்கு ஒலிம்பிக்தான் பெரிதாகத் தெரிந்தது. உலகக் கோப்பையை அவர்கள் மதிக்கவில்லை. நிர்வாகிகளின் முடிவுக்கு ஆட்டக்காரர்களின் காலைக் காரணம் காட்டிக்கொண்டே இருக்கிறோம். காலையிலேயே எரிச்சல் வந்துவிட்டது.

கடைசிப் படம் கழிவறைக்குப் போகும் வழியில் மாட்டியிருந்தது. கறுப்பு வெள்ளையில் பதினோரு பெண்கள். கீழே 'மகளிரும் ஆடினர்' என்று இரண்டே சொல். பெயர் இல்லை, ஆண்டு இல்லை, ஊர் இல்லை.

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து, "இடது ஓரத்துல நிக்காகள்ல சார், அவிய மம்சாபுரம். புஷ்பக்கா. மத்த நாள்ல நான் வேலைக்குப் போற கம்பெனியிலதான் பேண்டேஜ் துணி மடிக்காக" என்றார்.

"இந்தியாவுக்கு ஆடினவங்களா?"

"ஆமா சார். படமே அவிய குடுத்ததுதான்."

ஆட்டோ பிடித்தேன். மம்சாபுரத்துக்கு இருநூற்றைம்பது கேட்டார்கள். பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது புஷ்பக்கா என்ற மரியபுஷ்பம் வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர், ஒல்லி, நிமிர்ந்த தோள். நான் யாரென்று சொன்னதும் முறத்தைக் கீழே வைத்தார்.

மதுரையில் விடுதியில் தங்கிப் படித்தபோது ஆடக் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். லெஃப்ட் பேக், இடது பக்கத் தடுப்பாட்டக்காரர். எண்பத்து மூன்றில் பாங்காக்கில் நடந்த ஆசிய மகளிர் போட்டிக்குப் போன அணியில் இருந்தார். இந்தியா அதில் இறுதி ஆட்டம் வரை போய்த் தாய்லாந்திடம் தோற்றது. இதை நான் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த அணியில் ஆடிய ஒருவரை நேரில் பார்ப்பது இதுவே முதல் தடவை.

"ஊருக்கு வந்த பொறவு வெளையாட்டு ஒதுக்கீட்டுல கவர்மெண்டு வேலைக்கு எழுதிப் போட்டேன் தம்பி. எந்தப் போட்டின்னு கேட்டாக. சொன்னேன். எங்க பட்டியல்ல அது இல்லேன்னுட்டாக. உலகக் கோப்பை ஆடுனியா, ஆசிய விளையாட்டு ஆடுனியான்னு கேட்டாக."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெண்களுக்கு உலகக் கோப்பை தொடங்கியதே 1991இல்தான். ஆசிய விளையாட்டில் பெண்கள் கால்பந்தைச் சேர்த்தது அதற்கு முந்தைய வருடம். இல்லாத போட்டியில் ஏன் ஆடவில்லை என்று அந்த அலுவலகத்தில் ஒருவர் கேட்டிருக்கிறார். இவரும் திரும்பி வந்து, அதன் பின் நாற்பது வருடமாகப் பேண்டேஜ் துணி மடித்துக்கொண்டிருக்கிறார்.

"இப்பக் கல்லுல பேரு போடுறோம்னு சொன்னாகளேன்னுதான் படத்தைக் குடுத்தேன். எங்கிட்ட இருக்கதே அது ஒண்ணுதான்" என்றார்.

"கல்லைப் பார்த்தீங்களா?"

"இல்லியே. ஸ்ரீவில்லிபுத்தூர்ல அடிக்காகன்னு சொன்னாக."

அதே ஆட்டோவில் இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம், எட்டு கிலோமீட்டர். மதுரைச் சாலையில் ஒரு கல்பட்டறை. கறுப்புக் கல் பளபளவென்று தயாராக நின்றது. பதினான்கு பெயர்கள், அத்தனையும் ஆண்கள். பட்டாளத்து அணியில் ஆடியவர்கள் மூன்று பேர் என்று அவர்களின் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதியிருந்தது. இன்னொருவர் மாவட்ட அணித் தலைவர். நாட்டுக்காக ஆடியவர் என்று சொல்ல அந்தக் கல்லில் நான்கைந்து பேர் தேறினாலே அதிகம்.

மரியபுஷ்பம் மேலிருந்து கீழாக ஒரு முறை படித்தார். பிறகு கீழிருந்து மேலாக.

கல் கொத்துபவர் கூச்சத்தோடு ஒரு தாளை எடுத்து நீட்டினார். "நான் ஒண்ணும் பண்ணல சார். பேரு மொதல்ல இருந்துச்சு. பொறவு குழுக்காரக வந்து அடிச்சுட்டுப் போயிட்டாக."

பதினைந்தாவது வரியில் 'செல்வி மரியபுஷ்பம், மம்சாபுரம்' என்று தட்டச்சாகியிருந்தது. அதன் மேல் நீல மையில் ஒரு கோடு. தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி அடித்திருந்தார்கள்.

இராஜபாளையத்துக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். வழி நெடுக நான் ஓட்டுநரிடமும் வெயிலிடமும் கத்திக்கொண்டு வந்தேன்.

நாலரை மணிக்கு மண்டபத்தில் குழுச் செயலாளரைப் பிடித்தோம். சிமெண்ட் வியாபாரி, சிரித்த முகம்.

"வாங்கம்மா, வாங்க. சார், அது என்னன்னா, அந்தப் போட்டியை நடத்துனது ஆம்பளையாளு கால்பந்தை நடத்துற பெரிய சம்மேளனம் இல்ல. பொம்பளையாளுக தனியா ஒரு அமைப்பு வச்சு நடத்துனது. நாளைக்கு எவனாவது கேள்வி கேட்டா நாங்க என்ன பதில் சொல்ல?"

"பெரிய சம்மேளனம் பெண்களைச் சேர்த்துக்காததாலதானே அவங்க தனியா நடத்தினாங்க?" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "மாவட்ட அணித் தலைவர் எந்த நாட்டுக்கு ஆடினார்?"

"அவரு நன்கொடை குடுத்திருக்காரு சார்" என்றார் செயலாளர், குரலைத் தாழ்த்தி. பிறகு மரியபுஷ்பத்திடம் திரும்பினார். "மேடையில ஒரு பொன்னாடை போத்திருவோம்மா. கல்லுக்குக் கீழ 'விளையாட்டு ஆர்வலர்கள்'னு ஒரு வரி வருது. அதுல உங்க பேரையும் சேத்துக்கிடுவோம். சந்தோசந்தானே?"

மரியபுஷ்பம் அவரை நேராகப் பார்த்தார்.

"நான் ஆர்வலர் இல்ல. வேடிக்க பாக்கவா பாங்காக் போனேன்? முட்டியில இன்னும் அந்தத் தழும்பு கெடக்கு. பேரு போட இஷ்டமில்லேன்னா இல்லேன்னு சொல்லுங்க. கீழ கொண்டுபோய்ச் சேக்காதீக."

விறுவிறுவென்று நடந்து, கழிவறைப் பக்கம் போய், ஆணியிலிருந்து படத்தைக் கழற்றினார். ஒரு ஆள் ஓடிவந்து, "அக்கா, கண்காட்சி முடியட்டும்" என்று தடுத்தார்.

"எனக்கு முடிஞ்சிருச்சு" என்றார்.

ஆறு மணிக்கு நான் மேடை ஏறினேன். உருகுவே, பிரேசில் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். பாங்காக்கைச் சொன்னேன், 1991ஐச் சொன்னேன், நீலக் கோட்டைச் சொன்னேன். மரியபுஷ்பம் என்ற பெயரை மூன்றாவது முறை சொல்லும்போது ஒலிபெருக்கி நின்றது. மின்தடை இல்லை, தலைக்கு மேலே மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. தொண்டை கிழியப் பேசி முடித்தேன். பின் வரிசையில் தரை துடைத்த பெண்ணும் அவரோடு வந்த நாலைந்து பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மற்றவர்கள் செயலாளரின் முகத்தைப் பார்த்தார்கள். கல் மாறாது என்று அந்த முகத்திலேயே தெரிந்தது.

மரியபுஷ்பம் என் பேச்சு முடியும்வரை வெளியே இருந்துவிட்டு, பேருந்துக்கு நின்றிருந்தார். படத்தை முந்தானையில் சுற்றிக் கக்கத்தில் வைத்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"நீங்க எழுதுவீகள்ல தம்பி? அதுல பதினோரு பேரு பேரும் வரணும். எனக்கு எல்லாரு பேரும் ஞாபகமிருக்கு. எழுதிக்கிடுங்க" என்றார்.

பேருந்து வரும்வரை, படத்தைப் பிரிக்காமலே, இடமிருந்து வலமாகச் சொன்னார். பதினொன்றையும் எழுதிக்கொண்டேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு மதுரைப் பேருந்தில் ஏறினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தப் பட்டறை பூட்டிக் கிடந்தது. கிருஷ்ணன்கோவில் தாண்டியபோதுதான் வடசென்னையில் என் தெருமுனை மைதானம் நினைவுக்கு வந்தது. அங்கேயும் வாசலில் ஆட்டக்காரர்களின் பெயர் பொறித்த ஒரு கல் இருக்கிறது. பத்து வருடமாக அதன் முன்னால்தான் நடைப்பயிற்சி போகிறேன். வடசென்னைப் பெண்கள் எவ்வளவு பேர் பந்து ஆடுகிறார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதியவன் நான். அந்தக் கல்லில் ஒரு பெண்ணின் பெயராவது இருக்கிறதா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. ஒரு நாளும் நின்று படித்ததில்லை.