இடது தோள் பக்கம்

என் அறையில் இரண்டு கட்டில்கள் இருக்கின்றன. ஒன்றில் நான் படுக்கிறேன். இன்னொன்று நண்பனுடையது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் இரண்டு பேரும் ஒரே உலையில் வேலை பார்த்தோம். போன வருடம் அவன் வேலையை விட்டுவிட்டுத் திருவள்ளூரில் போட்டோ ஸ்டுடியோ வைத்தான். "சரிப்பட்டு வர்லன்னா திரும்பி வந்துடுவேன். கட்டில யாருக்கும் குட்துடாத" என்று சொல்லிவிட்டுப் போனான். நானும் கொடுக்கவில்லை. ஆலை மேஸ்திரி அறைக்கு வேறு ஆளைக் கூட்டிவந்தபோதுகூட, நண்பன் வருவான் என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லி அனுப்பினேன்.

அந்த அறையில் எனக்குப் பேச்சுத்துணை யாரும் இல்லை. சில நாள், மறுநாள் காலை டீக்கடையில் வாயைத் திறக்கும்போதுதான் நேற்று முழுக்க நான் பேசவே இல்லை என்பது தெரியும். குரல் கரகரவென்று வரும்.

அதனால், "ஞாயித்துக்கெழம ஒர்க்‌ஷாப் வெச்சிக்கிறேன், சும்மா வந்து பாரு" என்று அவன் போன் செய்ததும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று மட்டும் போனில் சொல்லி வைத்தேன். எப்போது திரும்பி வருவாய் என்பதுதான் அது. புதுவாயலில் ஒரு பஸ், பெரியபாளையத்தில் இன்னொரு பஸ். வழி நெடுக அதை எப்படிக் கேட்பது என்றே யோசித்துக்கொண்டு போனேன். பெண் கேட்கப் போகிறவன்கூட இவ்வளவு ஒத்திகை பார்த்திருக்க மாட்டான்.

ஸ்டுடியோ மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் காமிராவோடு இருந்தார்கள். கல்யாணம், காதுகுத்து எடுக்கிறவர்கள், இரண்டு கல்லூரிப் பெண்கள். பட்டப்பகலில் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி, ஒரே ஒரு சின்ன விளக்கு மட்டும் வைத்திருந்தான். குறைந்த வெளிச்சத்தில் முகத்தைப் படம் பிடிப்பதுதான் அன்றைய பாடம். என்னைப் பார்த்ததும் தோளில் கை போட்டான். அப்போதே கேட்டுவிடலாம் போலிருந்தது. அதற்குள், "நல்ல நேரத்துல வந்த. மாடலா வர்றேன்னவன் வரல. நீ குந்து" என்று நாற்காலியைக் காட்டினான்.

குந்தினேன். வெளிச்சம் கம்மி என்றால் காமிரா மெதுவாகத்தான் படத்தை வாங்குமாம். ஆடாமல் அசையாமல் விளக்கைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அசையாமல் இருப்பதில் எனக்கு ஒன்றும் சிரமம் இல்லை, அறையில் அதைத்தான் செய்கிறேன். விளக்கைப் பார்ப்பதுதான் வரவில்லை. "சார், லைட்டப் பாருங்க சார்" என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். பார்ப்பேன். அமுக்கப் போகிற நேரத்தில் முகம் தானாக இடது தோள் பக்கம் திரும்பிவிடும். அத்தனை பேர் படத்திலும் ஒரு காதும் கலங்கிய பாதிக் கன்னமும்தான் இருந்தன.

உலைக்காரர்களுக்கு இந்தப் பழக்கம் வந்துவிடும். உலை மூடி திறந்து வெளிச்சம் அடிக்கும்போது, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாலும், முகம் முந்திக்கொண்டு திரும்பும். நானும் அவனும் சிப்காட் டீக்கடை வாசலில் நிற்கும்போது லாரி விளக்கு மேலே விழுந்தால் இரண்டு பேரும் ஒன்றாக இடது பக்கம் திரும்புவோம். "இன்னாபா, ரெண்டு பேருக்கும் ஒரே சுளுக்கா" என்று கடைக்காரர் கிண்டல் செய்வார்.

மாடியில் இருந்தவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. அவனுக்குத் தெரியும். அவன் எடுத்துச் சொல்வான் என்று பார்த்தேன். "இன்னாடா, ஒரு லைட்டப் பாக்கறதுக்கு இவ்ளோ பேஜாரு பண்ற" என்று அவன் சிரித்தான். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்து வைத்தேன்.

"எய்ந்துரு. நான் குந்திக் காட்றேன், நீ எடு" என்று காமிராவை என் கையில் கொடுத்தான். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள், கண்ணில் ஃபோகஸ் வை, மூச்சைப் பிடித்துக்கொள் என்றான். பிடித்துக்கொண்டேன். இப்போது அவன் முகமும் திரும்பும் என்று காத்திருந்தேன். திரும்பினால் போதும், நான் எதையும் கேட்கவே வேண்டாம் என்று இருந்தது. அவன் விளக்கை நேராகப் பார்த்தான். கண் சிமிட்டக்கூட இல்லை. நான் அமுக்கினேன்.

அன்றைக்கு எடுத்ததிலேயே தெளிவான படம் அதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் காமிராவைத் திருப்பிக் கொடுத்தேன். அவன் கழுத்து உலையை மறந்துவிட்டது. இனி அவன் வர மாட்டான்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்தான். "இன்னாவோ கேக்கணும்னியே?" என்றான்.

"மேஸ்திரி ஒரு ஆள் இருக்கான்றாரு. அதான், அந்தக் கட்டில குட்துரட்டா?"

"இன்னும் குடுக்கலியா நீ?" என்றான். நிஜமாகவே ஆச்சரியப்பட்டான்.

பெரியபாளையம் பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்து வந்தது. நான் மட்டும் இடது பக்கம் திரும்பினேன்.